கயிறு பேசிய மொழி



நாற்காலியில் அமர்ந்தபடியே ஒரு சிறு சோதனை செய்யுங்கள். கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்குங்கள். இருபது நொடி எளிதாகக் கழியும். நாற்பதில் நெஞ்சு முட்டும். அறுபதைத் தொடுவோர் உங்கள் வகுப்பில் சிலரே இருப்பர். (இதனை ஒருபோதும் தண்ணீருக்குள் செய்து பார்க்க வேண்டாம்.)

ஏறத்தாழ இந்த ஒரு நிமிட நேரத்திற்குள்தான் தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர் தம் வேலையை முடித்தாக வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பிகள் வாழும் பாறைத் திட்டுகள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் உள்ளன. ‘பாகம்’ என்பது இரு கைகளையும் விரித்த நீளம். ஏறத்தாழ ஆறு அடி. கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலூன்றி அவர் இறங்குவார். கல்லின் எடை அவரை விரைவாக அடிக்குக் கொண்டு செல்லும். தரை தட்டியதும் கல்லை விட்டுவிடுவார். மேலே உள்ளவர் அதனை இழுத்துக்கொள்வார். குளிப்பவர் சிப்பிகளைப் பொறுக்கி வலைப்பையில் போடுவார். மூச்சு முட்டும் வேளையில் கயிற்றை இழுப்பார். உடனே, மேலே கயிறு பிடித்து நிற்பவர் அவரைத் தூக்கிவிடுவார்.

கயிற்றின் அந்த ஓர் இழுப்புக்கு ‘தூக்கு’ என்று பொருள். அதனை மேலே இருப்பவர் தவறாகப் புரிந்துகொண்டால் ஓர் உயிர் போய்விடும். ஆகவே, மனிதன் மனிதனுக்குச் செய்தி சொல்வது எப்படி என்பதை ஆராய இந்த இழுப்பைவிட நல்ல தொடக்கம் இல்லை. இத்துறைக்கு மொழியியல் மானிடவியல் என்று பெயர். மனிதர் கூடி வாழும் முறைக்கும் அவர்கள் பேசும் மொழிக்கும் உள்ள உறவை அது ஆராய்கிறது. நான் இயற்பியல் கற்பிப்பவன். எனவே, எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கூவினால் கேட்காதா?

காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. கடல்நீரிலோ ஏறத்தாழ 1,500 மீட்டர். நீர் ஒலியை நன்றாகவே கடத்துகிறது. அப்படியானால் தோணியில் நிற்பவர் கூவுவது கீழே உள்ளவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டுமே! ஏன் கேட்பதில்லை?

தடை காற்றிலும் இல்லை, நீரிலும் இல்லை. இரண்டும் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைந்தது, எளிதில் நசுங்குவது. நீர் அடர்த்தி மிகுந்தது, எளிதில் நசுங்காதது. இவ்வளவு வேறுபட்ட இரு ஊடகங்களின் எல்லையில் ஒலியின் பெரும்பகுதி திருப்பி எறியப்படுகிறது. நேர்க்குத்தாகப் படும் ஒலியின் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே மறுபக்கம் செல்லும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நம் இரு காதுகளுக்கும் இடையே சுமார் 20 செ.மீ. தொலைவு. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதுக்கு முந்தியும் மறு காதுக்குச் சற்றுப் பிந்தியும் சேர்கிறது. அந்த நேர வேறுபாட்டை வைத்தே மூளை திசையை அறிகிறது. நீரில் ஒலி நான்கு மடங்குக்கு மேல் விரைவாகச் செல்வதால் அந்த வேறுபாடு சுருங்கிவிடுகிறது, திசை குழம்புகிறது.

மூழ்கியிருப்பவர் வாயைத் திறந்து பேசவும் இயலாது. ஆகவே, வாய்க்குப் பதில் கை. காதுக்குப் பதில் மற்றொரு கை. காற்றுக்குப் பதில் கயிறு. செய்தி செல்லும் வழியை ‘தடம்’ என்போம். இருக்கும் இடத்துக்கு ஏற்பத் தடத்தைத் தேர்ந்தெடுப்பது மனிதனின் சாமர்த்தியம்.

நீரோட்டமா? மனிதனா?

1950களின் பிற்பகுதியில் இளைஞராக இருந்தபோது முத்துக் குளிப்பில் கயிறு பிடித்த முதியவர் ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவர் என் மாணவன் ஒருவனின் தாத்தா. அவரைத் தேடிப்போன கதையைப் பின்னால் சொல்கிறேன். “ஐயா, அலையிலும் நீரோட்டத்திலும் கயிறு அசைந்துகொண்டே இருக்குமே! கீழே இருப்பவர்தான் இழுக்கிறார் என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “தம்பி, கயிறு சும்மா கெடக்காது. அலையும் இழுக்கும், நீவாடும் இழுக்கும். அது மெல்ல இழுக்கும், மெல்ல விடும். ஆள் இழுத்தா வெட்டி இழுப்பான். கைக்குத் தெரியும்லா!” என்றார். ‘நீவாடு’ என்பது கடலோரத்தார் நீரோட்டத்துக்கு வழங்கும் பெயர்.

நண்பர்களே, படிக்காத அந்த முதியவர் சொன்னது செய்தி அறிவியலின் முதற்பாடம். அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1948ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், ஒவ்வொரு தடத்திலும் செய்தியோடு ‘இரைச்சலும்’ கலந்தே வரும் என்பதைக் கணித முறையில் ஆராய்ந்தார். இரைச்சல் என்றால் சத்தம் மட்டுமன்று; செய்தி அல்லாமல் தடத்தில் நுழையும் எதுவும் இரைச்சலே. நீவாட்டின் இழுப்பு இரைச்சல். ஆளின் இழுப்பு செய்தி. இரண்டும் வேறாகத் தெரியுமாறு அமைந்த குறியே நல்ல குறி. வகுப்பில் கூச்சல் மிகும்போது ஆசிரியர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் இரைச்சலை வெல்லத்தான்.

இடுகுறி

ஓர் இழுப்புக்கு ‘தூக்கு’ என்ற பொருள் எங்கிருந்து வந்தது? கயிற்றில் அந்தப் பொருள் இல்லை, கையிலும் இல்லை. இருவரும் கரையிலேயே பேசி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்; அவ்வளவுதான்.

தமிழ் வகுப்பில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று படித்திருப்பீர்கள். மண், மரம் போன்ற பெயர்களுக்குக் காரணம் கூற இயலாது. முன்னோர் இட்டார்கள், நாம் வழங்குகிறோம். சுவிட்சர்லாந்து மொழியறிஞர் சொசூர் நடத்திய பாடங்களின் தொகுப்பு அவர் மறைவுக்குப் பின் 1916இல் நூலாக வந்தது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இயற்கையானதன்று, அது சமுதாயத்தின் ஒப்பந்தமே என்பது அந்நூலின் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சென்றால் இதற்குக் கண்கூடான சான்று கிடைக்கும். 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கிநிற்கும் துறைமுகம் அது. உலகின் பல நாட்டுக் கப்பல்கள் அங்கே வருகின்றன. ஒரு கப்பலில் பாதி வெள்ளை, பாதி சிவப்பாக ஒரு கொடி பறந்தால், ‘துறைமுக வழிகாட்டி கப்பலில் இருக்கிறார்’ என்று பொருள். மஞ்சள் கொடி, ‘கப்பலில் நோய் இல்லை, கரையோடு தொடர்புகொள்ள அனுமதி வேண்டும்’ என்று கேட்கிறது. பாதி வெள்ளை, பாதி நீலமாக, ஓரத்தில் பிளவுபட்ட கொடி சொல்வது என்ன தெரியுமா? ‘நீருக்குள் ஆள் இறங்கியிருக்கிறார், மெதுவாக, விலகிச் செல்லுங்கள்!’

இவை பன்னாட்டுக் கப்பற் குறியீட்டு விதிகளைச் சேர்ந்தவை. முதலில் 1857இல் வெளியான இத்தொகுப்பு 1965இல் திருத்தப்பட்டு ஒன்பது மொழிகளுக்குப் பொதுவாக அமைக்கப்பட்டது. மஞ்சளுக்கும் உடல்நலத்துக்கும் இயற்கையில் ஓர் உறவும் இல்லை. ஒப்பந்தம்தான் அக்கொடிக்குப் பொருள் தருகிறது.

இழுப்பு மொழியாகுமா?

அப்படியானால் கயிற்றின் இழுப்பும் கொடியும் மொழிகளா? அல்ல, அவை குறிகள். வேறுபாட்டைக் காண்போம்.

கயிற்றை இழுத்து ‘தூக்கு’ எனலாம். ‘நேற்று இதே இடத்தில் சிப்பி மிகுதியாக இருந்தது; நாளைக்குக் கொஞ்சம் வடக்கே போனால் இன்னும் கிடைக்கலாம்’ என்று இழுத்துக் காட்ட முடியுமா? முடியாது. அமெரிக்க அறிஞர் சார்லஸ் ஹாக்கெட் 1960இல் எழுதிய கட்டுரை ஒன்றில் மனித மொழியின் பதின்மூன்று இயல்புகளைப் பட்டியலிட்டார். அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே பார்க்கலாம்.

முதலாவது, கண்முன் இல்லாததைச் சொல்லும் திறன். நேற்று, நாளை, தொலைதூரம், நடக்கவே நடக்காதது ஆகிய அனைத்தையும் பேசலாம். தேனீ தன் நடனத்தால் பூக்கள் இருக்கும் திசையையும் தொலைவையும் தன் கூட்டாளிகளுக்கு உணர்த்துகிறது. இதனைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். தேனீயிடம் இத்திறனின் ஒரு துளி உண்டு. ஆனால் சென்ற ஆண்டுப் பூவைப் பற்றித் தேனீ பேசாது.

இரண்டாவது, ஆக்கத்திறன். இதுவரை எவரும் சொல்லாத வாக்கியத்தை நீங்கள் இப்போதே உண்டாக்கலாம். கேட்பவருக்கும் அது விளங்கும். ஆப்பிரிக்காவில் வெர்வெட் என்னும் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் என எச்சரிப்பதை 1980இல் ஆய்வாளர்கள் நிறுவினர். வியப்புக்குரியதுதான். ஆயினும் அக்குரல்களைக் கோத்து ‘இன்று பாம்பு இல்லை’ என்று அவை சொல்வதில்லை.

மூன்றாவது, இரண்டு அடுக்கு அமைப்பு. அலை, வலை, விலை, மலை, தலை. இச்சொற்களைப் பாருங்கள். ‘வ்’ என்ற ஒலிக்குத் தனியே பொருளில்லை. ஆனால் அலையின் முன் அது சேர்ந்தால் வலை! பொருளற்ற சில ஒலிகளைக் கொண்டு பொருளுள்ள பல்லாயிரம் சொற்களை ஆக்குகிறோம். தமிழின் முதலெழுத்துகள் முப்பதே. அவற்றால் எழுதப்பட்ட நூல்களுக்குக் கணக்கில்லை.

மொழிக்கு ஒலி கட்டாயம் என்று எண்ணிவிட வேண்டாம். காது கேளாதோர் கைகளால் பேசும் சைகை மொழிகளுக்கும் இந்த இயல்புகள் உண்டு, இலக்கணமும் உண்டு. அமெரிக்கச் சைகை மொழியைப் பற்றி வில்லியம் ஸ்டோக்கி 1960இல் இதனை எடுத்துக்காட்டினார். ஆகவே அவை வெறும் குறிகள் அல்ல, முழுமையான மொழிகளே.

இப்போது ஒன்று விளங்கும். ‘ஓர் இழுப்பு என்றால் தூக்கு’ என்ற ஒப்பந்தத்தை இழுப்பால் செய்ய முடியாது. அதனைக் கரையில் வாய்ப்பேச்சால்தான் செய்ய முடியும். குறிகளுக்கெல்லாம் தாய் மொழியே.

பார், குளி, கச்சான்

உள்நாட்டுச் சிறுவன் ஒருவன் ‘முத்துக் குளித்தார்கள்’ என்று கேட்டால் சோப்பும் வாளியும் நினைவுக்கு வந்து சிரிப்பான். ‘குளி’ என்பதற்கு நீரில் மூழ்குதல் என்னும் பொருள் உண்டு என்பது அவனுக்குத் தெரியாது. ‘பார்’ என்றால் உங்களுக்குக் காண்பது, புலவருக்கு உலகம், தூத்துக்குடிக் கடலாடிக்கோ சிப்பி வளரும் கடலடிப் பாறைத் திட்டு. அகராதி மூன்று பொருளையும் தரும். எந்த இடத்தில் எது என்பதை, பேசுவோர் செய்துகொண்டிருக்கும் வேலைதான் முடிவு செய்கிறது.

மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலார் 1915க்கும் 1918க்கும் இடையே நியூகினிக்கு அருகிலுள்ள டிராபிரியண்ட் தீவுகளில் மக்களோடு வாழ்ந்து ஆராய்ந்தார். அத்தீவினர் படகு ஓட்டுவதைப் பற்றிப் பேசிய ஒரு பேச்சை எடுத்து, அதனைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் ஒன்றும் விளங்காது என்று 1923இல் எழுதினார். அவர்களுடைய கடலையும் படகையும் வழக்கங்களையும் அறிந்தால்தான் பொருள் தெரியும். ‘சூழல் இன்றிப் பொருள் இல்லை’ என்ற இக்கருத்தை நான் புத்தகத்தில் படித்திருந்தும், என் வகுப்பறையில் மறந்துவிட்டேன். அந்தக் கதையை இப்போது சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்வில், கடற்காற்று, பருவக்காற்று பற்றி வினா கேட்டிருந்தேன். ஒரு மாணவன், ‘கச்சான் வீசும்போது’ என்று விடையைத் தொடங்கியிருந்தான். நான் சிவப்பு மையால் அச்சொல்லை அடித்து, ‘பிழை’ என்று எழுதினேன். அதன்பின் அந்த மாணவன் வகுப்பில் வாய் திறக்கவே இல்லை. ஆண்டு முடிவில்தான் காரணம் கேட்டேன். “எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவாங்க சார். அது பிழைன்னு தெரியாது” என்றான்.

வெட்கத்தோடு அகராதியைப் புரட்டினேன். கச்சான் என்றால் மேல்காற்று! வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று முறையே வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குக் காற்றுகளின் பெயரைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். கடலோரத்தார் வாடையையும் கொண்டலையும் இன்றும் வழங்குகிறார்கள். தென்றல் அவர்களிடம் சோழகம். கோடை அவர்களிடம் கச்சான். பாய் விரித்துக் கடலில் செல்வோருக்குக் காற்றின் திசைதான் உயிர். ஆகவே, ஒவ்வொரு திசைக்கும் ஒரு பெயர். அச்சொல் இடத்துக்கு இடம் சற்று மாறவும் செய்யும். யாழ்ப்பாணத்தார் சோழகம் என்பது தென்மேற்குப் பருவக்காற்றை. பிழை மாணவனுடையதன்று, என்னுடையது. அவனிடம் அதைச் சொன்னபோதுதான், “எங்க தாத்தாவைப் பாருங்க சார், இன்னும் நிறையச் சொல்லுவாங்க” என்று என்னை அழைத்துப் போனான்.

மொழியியல் மானிடவியல் வற்புறுத்தும் உண்மை இது: பேச்சு வழக்குகளில் உயர்ந்தது, தாழ்ந்தது என்பது இல்லை. எழுத்துத் தமிழ் பொதுவாக எல்லோருக்கும் விளங்கப் பயன்படுகிறது. அதனைக் கற்றே ஆக வேண்டும். அதற்காக வீட்டுச் சொல்லைப் பிழை என்று அடிக்க வேண்டியதில்லை.

கயிறு யார் கையில்?

முத்துக் குளிப்பவர் தம் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. அக்காள் தங்கையின் வாழ்வு அந்தக் கயிற்றில் தொங்குவதால் மச்சான் கவனமாக இருப்பாராம்! எல்லாத் தோணியிலும் அப்படி நடந்ததோ இல்லையோ, ‘மச்சான்’ என்ற சொல் எவ்வளவு பொறுப்பைச் சுமக்கிறது என்பதை இக்கதை காட்டுகிறது.

ஆங்கிலத்தில் ‘கசின்’ என்று ஒரே சொல். தமிழிலோ பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி ஆகியோரின் மக்கள் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை. மாமா, அத்தை ஆகியோரின் மக்கள் மச்சான், மச்சினி. யாரை உடன்பிறப்பாகக் கருத வேண்டும், யாரோடு மண உறவு கொள்ளலாம் என்ற சமுதாய விதியே சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது. அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் உலக உறவுமுறைச் சொற்களைத் தொகுத்து 1871இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அதில் தமிழ் உறவுமுறைக்கும் அமெரிக்கப் பழங்குடியினரான இரோக்குவாய் மக்களின் முறைக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு வியந்தார். அதிலிருந்து அவர் செய்த ஊகங்கள் எல்லாம் நிலைக்கவில்லை. ஆனால் உறவுச் சொற்களைக் கொண்டு சமுதாயத்தை ஆராயலாம் என்ற வழி நிலைத்துவிட்டது.

தூத்துக்குடிக் கடைவீதியில் முன்பின் தெரியாத கடைக்காரரை ‘அண்ணாச்சி’ என்று அழைக்கிறோம். நண்பனை ‘ஏலே’ என்கிறோம். அதே ‘ஏலே’யை அண்ணாச்சியிடம் சொல்லிப் பாருங்கள்! சொற்பொருள் மாறவில்லை, உறவு உடைந்துவிடும்.

செய்தி இல்லாத பேச்சு

“சாப்பிட்டியளா?” என்று தெருவில் ஒருவர் கேட்டால், என்ன சாப்பிட்டோம் என்று நாம் பட்டியல் தருவதில்லை. அவர் கேட்டது செய்தி அறிவதற்கன்று, உறவைப் புதுப்பிப்பதற்கு. இத்தகைய பேச்சுக்கும் மொழியில் இடமுண்டு என்பதை மேலே கூறிய கட்டுரையில் மாலினோவ்ஸ்கியே எடுத்துக்காட்டினார்.

முத்துக் குளிப்புக் காலத்தில் ‘கடல்கட்டி’ எனப்பட்டவர் ஒருவர் இருந்தார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுபவர் என்பது நம்பிக்கை. அவர் இல்லாமல் ஆட்கள் கடலில் இறங்க மறுத்ததால், ஆங்கிலேய அரசும் அவரை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மார்க்கோ போலோவும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தகையோரைப் பற்றிக் கூறியிருக்கிறார். மந்திரம் சுறாவை ஒன்றும் செய்யாது. ஒலியலைகளுக்கு அப்படிப்பட்ட ஆற்றல் இல்லை. அது வேலை செய்தது, இறங்குபவரின் மனத்தில். அச்சம் தணிந்தால் பதற்றம் குறையும். பதற்றம் குறைந்தால் மூச்சு நீடிக்கும். சொல் செய்தியைச் சுமப்பதோடு நிற்காமல் செயலும் புரிகிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

கடல் கொண்டுவந்த சொற்கள்

முத்து இருந்த இடத்துக்கு உலகமே வந்தது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயண நூலாகிய பெரிப்ளுஸ், கொற்கையைக் ‘கொல்கி’ என்று குறிக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தனர். சவேரியார் 1542இல் இக்கடற்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது; இருமொழி அறிந்தோரைக் கூட்டிவைத்துச் செபங்களை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்தார். அவருக்குப் பின் வந்த அன்றிக் அடிகளார் இங்கேயே தங்கித் தமிழை முறையாகக் கற்றார். ஐரோப்பியருக்காகத் தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதினார். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம் கொண்டது; ஆனால் இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே.

மனிதர் கலந்தால் சொற்களும் கலக்கும். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, பீப்பாய் ஆகியவை போர்ச்சுகீசியர் விட்டுச் சென்றவை. முத்துச் சிப்பிகளைக் கரையில் குவித்து ஏலம் விட்டார்களே, அந்த ‘ஏலம்’ என்ற சொல்லும் போர்ச்சுகீசியமே! பதிலுக்கு நம் கட்டுமரமும் சங்கும் ஆங்கில அகராதியில் ஏறியுள்ளன. இதில் நாணப்பட ஒன்றுமில்லை. வேற்று நிலங்களிலிருந்து வந்து வழங்கும் சொற்களுக்குத் தொல்காப்பியர் அன்றே ‘திசைச்சொல்’ என்று ஓர் இடம் ஒதுக்கிவைத்தார்.

மறுமுனையில் யார்?

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்ததே கடைசி முத்துக் குளிப்பு. அதன்பின் பார்களில் சிப்பி போதிய அளவு சேரவில்லை. சங்கு குளிப்போர் இன்றும் உள்ளனர்; அவர்களில் பலர் படகிலுள்ள காற்றழுத்தியிலிருந்து குழாய் வழியே மூச்சு விடுகின்றனர். நான் சந்தித்த முதியவர் இன்று இல்லை. கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் ஒரு கோட்டில் வைத்து, வேறு இரண்டு அடையாளங்களை மற்றொரு கோட்டில் வைத்து, இரு கோடுகளும் வெட்டும் புள்ளியில் பார் இருப்பதை அவர் கண்டுபிடிப்பார். வடிவியல் தேற்றம் எதுவும் படிக்காதவர் அவர்! இன்று செயற்கைக்கோள் அந்தப் புள்ளியை எண்களாகத் தருகிறது. அது நல்லதே, இரவிலும் மூடுபனியிலும் அது வழிகாட்டும். ஆனால் நீவாட்டின் வகைகளையும் காற்றின் குணங்களையும் தாங்கிய சொற்கள் பேசுவாரின்றி மறைந்தால், அவற்றுள் பொதிந்த கூர்ந்த கவனிப்பும் உடன் மறைகிறது.

இது பழமைப்பற்று மட்டுமன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி, கேரளக் கடல்களைத் தாக்கியது. ஏராளமான மீனவர் மாண்டனர். பலர் திரும்பவே இல்லை. முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட பல படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையில் செய்தி இருந்தது. கடலில் கேட்பார் இருந்தனர். இடையில் தடம் இல்லை. தடம் அமைப்பது பொறியாளரின் வேலை. தடம் அமைந்த பின்னும் ஒரு வேலை மீதமிருக்கிறது: அறிவிப்பவரின் சொல்லும் கேட்பவரின் சொல்லும் ஒன்றாக வேண்டும். ‘மேற்குத் தென்மேற்குத் திசையிலிருந்து’ என்று எழுதுபவருக்குக் கச்சானும் தெரிந்திருந்தால் எவ்வளவு நல்லது!

கயிற்றின் ஒரு முனையில் மட்டும் ஆள் இருந்தால் அது வெறும் கயிறு. இரு முனையிலும் ஆள் இருந்து, இருவரும் முன்னதாகப் பேசி ஒத்துக்கொண்டிருந்தால்தான் அது செய்தி. உங்களில் ஒருவர் நாளை வானிலை அறிவிப்பாளராகலாம், மருத்துவராகலாம், என்னைப் போல ஆசிரியராகவும் ஆகலாம். சொல்வதற்கு முன் மறுமுனையில் நிற்பவரின் சொல் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

1. பத்து மீட்டர் கயிற்றின் இரு முனைகளையும் நீங்களும் நண்பரும் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடி, பேசாமல், ‘நில்’, ‘வா’, ‘ஆபத்து’ என மூன்று செய்திகளை இழுப்பால் அனுப்புங்கள். மூன்றாமவர் நடுவில் கயிற்றை ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். எவ்வகைக் குறி பிழையின்றிச் சேர்கிறது? காரணம் என்ன?

2. உங்கள் ஊர்த் தொழில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உழவு, நெசவு, உப்பளம், மீன்பிடிப்பு எதுவாயினும் சரி. வீட்டிலுள்ள மூத்தவரிடம் பேசி, பாடநூலில் இல்லாத இருபது தொழிற்சொற்களைப் பொருளோடு எழுதுங்கள். சொல்லுக்கு எதிரே, அது எந்த வேலையின்போது வழங்குகிறது என்பதையும் குறியுங்கள்.

3. ஒரு நாள் முழுதும் நீங்கள் யார் யாரை எந்தச் சொல்லால் விளித்தீர்கள் என்று பட்டியலிடுங்கள். அவர்களில் உண்மையான உறவினர் எத்தனை பேர்?